கடை வாசலில் சைக்கிள் நிறுத்த அழகான, இடம் அடைக்காத வளைவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக்காரர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் ஒரு சொல்லைத் தீர்த்துவிடுவோம். சைக்கிளோடு வரும் காலும் ஸ்டாண்ட், தியேட்டர் பக்கத்தில் டோக்கன் கொடுக்கும் இடமும் ஸ்டாண்ட். குழப்பம் வேண்டாம் என்று, தரையில் ஊன்றிச் சைக்கிளைச் சாய்த்துப் பூட்டும் இரும்பு அமைப்பை இந்தப் பக்கம் முழுக்க ‘வளைவு’ என்றே சொல்கிறோம்.

நம்ம ஊர் சைக்கிளுக்குத்தான் ஸ்டாண்ட் இருக்கே. தனியா இன்னொண்ணு எதுக்கு?

இரண்டு காரணங்கள். முதலாவது, பின்சக்கரத்தில் இருக்கும் வளையப் பூட்டு சக்கரத்தைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவதை அது தடுக்காது. அசையாத ஒன்றோடு சட்டகத்தை (ஃபிரேமை) சேர்த்துப் பூட்டினால்தான் பூட்டுக்கு அர்த்தம். அப்படி ஒன்று இல்லாதபோது ஜனங்கள் மின்கம்பத்திலும், உங்கள் ஷட்டர் பக்கக் கம்பியிலும், கைப்பிடிச் சுவரிலும் கட்டுவார்கள்.

இரண்டாவது, இடம். சைடு ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிள் ஒருபக்கம் சாய்ந்து, ஹேண்டில் திரும்பி, ஒரு மீட்டர் அகலம் வரை பிடித்துக்கொள்ளும். வரிசையில் ஒன்று விழுந்தால் எட்டும் விழும். ஒரு வளைவில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று நேராக நிற்கும்போது சைக்கிளுக்கு 40 முதல் 50 செ.மீ. போதும்.

அப்படின்னா ஸ்கூல்ல இருக்கிற மாதிரி சக்கரம் செருகுற கம்பி போதுமா?

போதாது. அதுதான் பட்டறையில் முதலில் காட்டும் மாதிரி. செய்வது எளிது, ஒரே நீளக் கம்பியில் பத்து சைக்கிள் என்று கணக்கும் காட்டலாம். ஆனால் அது பிடித்துக்கொள்வது முன்சக்கரத்தின் கீழ்ப்பகுதியை மட்டும். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள சைக்கிளை யாராவது பக்கவாட்டில் இடித்தால் முழு விசையும் அந்தச் சக்கரத்தின் ரிம்முக்குப் போகும். ஸ்போக்ஸ் தளர்ந்து கோட்டம் விழும். பூட்டினாலும் முன்சக்கரத்தைத்தான் பூட்ட முடியும். நட்டைக் கழற்றிச் சக்கரத்தை அங்கேயே விட்டுவிட்டு மிச்ச சைக்கிளை எடுத்துப் போய்விடலாம்.

பாம்பு மாதிரி நெளிந்து போகும் அலைக்கம்பியும் இதே ரகம்தான். விற்பவர் ஐந்து சைக்கிள் என்பார். குறுக்காகச் செருகினால் சட்டகத்துக்கு ஒரே இடத்தில்தான் பிடிமானம் கிடைக்கும். அதனால் வருகிறவர்கள் அலையோடு ஒட்டிப் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். கடைசியில் இரண்டோடு இடம் தீர்ந்துவிடும்.

சரி, நல்ல வளைவுன்னா அளவு என்ன? பட்டறையில என்ன சொல்லணும்?

தலைகீழ் யூ. இங்கிலாந்தில் இதை ஷெஃபீல்டு நகரின் பெயரால் அழைக்கிறார்கள். உலகத்தில் இதைவிட நல்ல வடிவம் இன்னும் வரவில்லை என்பது எங்கள் கருத்து. சட்டகத்தை இரண்டு இடத்தில் தாங்கும். சட்டகம், ஒரு சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பூட்டலாம். உடைய ஒன்றுமில்லை.

பட்டறையில் சொல்ல வேண்டியது: 40 மி.மீ. உள்விட்டக் குழாய் (வெளிவிட்டம் 48.3 மி.மீ.), நடுத்தர கனம், அதாவது பி கிளாஸ். தரைக்கு மேல் உயரம் 75 செ.மீ., அகலம் 75 செ.மீ., மூலை வளைவின் ஆரம் 15 செ.மீ. தரைக்குள் புதைக்க ஒவ்வொரு காலுக்கும் 30 செ.மீ. கூடுதல். மொத்தம் 2.75 மீட்டர் குழாய், எடை பத்து கிலோ. 6 மீட்டர் குழாய் ஒன்றில் இரண்டு வளைவும் அரை மீட்டர் மிச்சமும் கிடைக்கும். புதைக்காமல், தரையில் போல்ட் போட்டுப் பொருத்தும் அடித்தகடு வைப்பதானால் உயரத்தை 72, அகலத்தை 65 என்று குறைத்தால் அதே குழாயில் மூன்று எடுக்கலாம்.

60 மி.மீ. வெளிவிட்டத்துக்கு மேல் போக வேண்டாம். யூ வடிவப் பூட்டின் உள் அகலம் பொதுவாக 10 செ.மீ. அளவில்தான் இருக்கும். அதற்குள் குழாயும் சைக்கிள் சட்டகமும் சேர்ந்து அடங்கியாக வேண்டும். ‘கெட்டியா இருக்கட்டும்’ என்று மூன்று இன்ச் குழாய் போட்ட வளைவில் பூட்டே நுழையாது.

டாப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளும் சிறுவர் சைக்கிளும் வருமென்றால் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி சேருங்கள். அவற்றின் சட்டகம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

என் கடை பத்தடி அகலம். முன்னாடி ஆறடி இடம். எத்தனை சைக்கிள் நிக்கும்?

நான்கு. ஆட்கள் வந்து போக 1.2 மீட்டரை ஒரு பக்கமாக விட்டால் 1.8 மீட்டர் அகலம் மிஞ்சும். அதில் 80 செ.மீ. இடைவெளியில் இரண்டு வளைவுகள், இரு ஓரத்திலும் 50 செ.மீ. காலியாக. சைக்கிளின் நீளம் 1.8 மீட்டர், ஆறடியும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் சுவரில் முட்டாமல், வீதியில் நீட்டாமல் சரியாக அடங்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே வளைவில் நிற்கும் இரண்டும் ஒன்று கடையைப் பார்த்தும் மற்றது வீதியைப் பார்த்தும் நிற்க வேண்டும். ஹேண்டில் 60 செ.மீ. அகலம். இரண்டும் ஒரே திசையில் நின்றால் ஹேண்டில்கள் கொம்பு கோத்துக்கொள்ளும், பிரேக் கம்பி சிக்கும். 80 என்பது குறைந்தபட்சம். இடம் இருந்தால் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். முன்கூடையும் பக்கப் பையும் மாட்டிய சைக்கிளுக்கு 80 நெருக்கம்தான்.

சாய்வா வெச்சா இடம் மிச்சம்னு சொல்றாங்களே?

ஆழத்தில் மிச்சம், நீளத்தில் செலவு. 45 டிகிரி சாய்த்தால் 1.8 மீட்டர் ஆழம் 1.4 ஆகக் குறையும். ஆனால் வளைவுகளுக்கு நடுவே அதே 80 செ.மீ. இடுக்கு கிடைக்க வேண்டுமென்றால் சுவரோரமாக அளக்கும்போது 1.13 மீட்டர் வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் 33 செ.மீ. கூடுதல், இரண்டு முனையிலும் பயன்படாத முக்கோணம் வேறு. சைக்கிள்களை ஒரே திசையிலிருந்துதான் செருக முடியும் என்பதால் மேலே சொன்ன எதிரெதிர் ஏற்பாடும் சிரமமாகும்.

முன்னிடம் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் சாய்வு நல்லது. மூன்று கடை சேர்ந்த வரிசைக்கு ஒத்துவரும். பத்தடிக் கடைக்கு வேண்டாம். 60 டிகிரி என்று நடுவாந்திரமாகப் போனால் ஆழத்தில் 15 செ.மீ. அளவுதான் கிடைக்கும். அதற்காக இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

சுவர்ல ஆணி அடிச்சு தொங்கவிட்டா இன்னும் இடம் மிச்சமாகுமே?

வீட்டுக்குள் ஆகலாம், கடைக்கு ஆகாது. காய்கறிப் பையோடு வரும் ஒருவர் 20 கிலோ சைக்கிளை முன்சக்கரத்தில் நிமிர்த்தித் தூக்கி மாட்டமாட்டார். சுவரோரம் இரண்டேகால் அடிதான் இருக்கிறது என்றால் சுவரிலேயே ஒரு வளையம் பதியுங்கள்: 16 மி.மீ. கம்பி, தரையிலிருந்து 70 செ.மீ. உயரம். சைக்கிளைச் சுவரோடு ஒட்டி நிறுத்திச் சட்டகத்தைப் பூட்டலாம். நீளத்தில் 1.8 மீட்டர், அகலத்தில் 65 செ.மீ. இதைவிட மலிவான ஏற்பாடு இல்லை. வளையத்தைச் சுற்றி ஒரு பூவோ மீனோ தகட்டில் வெட்டி வைத்தால் அதுவே அழகு.

நெதர்லாந்தில் ஒன்று உயரமாகவும் அடுத்தது தாழ்வாகவும் சக்கரம் செருகும் தடம் போட்டு, ஒரு சைக்கிளுக்கு 37.5 செ.மீ. மட்டும் ஒதுக்குகிறார்கள். ஹேண்டில்கள் மேலும் கீழுமாக மாறி நிற்பதால் இடிக்காது. உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 2019-இல் முடிந்த 12,500 சைக்கிள் நிறுத்தத்தில் இந்தத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காகவே வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நிறுத்திவிட்டு ரயிலேறுகிறவர்களுக்கான ஏற்பாடு அது. பத்து நிமிஷம் டீ குடிக்க வருகிறவருக்கு அல்ல.

கடைக்கு ஏத்த மாதிரி கலையா எதாவது செய்யலாமா? எப்படி ஆரம்பிக்கிறது?

தாராளமாக. பாடகர் டேவிட் பைர்ன் 2008-இல் நியூயார்க் நகரத்துக்காக ஒன்பது வளைவுகள் வரைந்தார். வால் ஸ்ட்ரீட்டில் டாலர் குறி, ஃபிஃப்த் அவென்யூ துணிக்கடைப் பக்கம் குதிகால் செருப்பு, வில்லியம்ஸ்பர்க்கில் மின் கிட்டார், இன்னொரு தெருவில் காபிக் கோப்பை. எங்கே நிற்கிறதோ அந்தத் தெருவின் அடையாளம். லண்டனில் கார் வடிவத்திலேயே ஒன்று செய்தார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும் என்று அந்த உருவமே சொல்லிவிடுகிறது.

செய்யும் வழி மூன்று. ஒன்று, உருவத்தின் வெளிக்கோட்டையே குழாயில் வளைப்பது. மூக்குக் கண்ணாடி, பானை, டம்ளர், சாவி போன்ற எளிய கோட்டுருவங்களுக்கு இது பொருந்தும். இரண்டு, சாதாரண யூ வளைவுக்குள் 6 மி.மீ. தகட்டில் வெட்டிய படத்தைப் பற்றவைப்பது. மூன்று, வளைவின் உச்சியில் சின்ன உருவம் வைப்பது. மூன்றாவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஹேண்டில் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 75 செ.மீ.க்கு மேலே துருத்தும் எதிலும் அது இடிக்கும், பிரேக் கம்பி மாட்டும். ஆறே மாதத்தில் மயிலுக்குக் கொண்டை போய்விடும்.

எந்த வழியானாலும் ஒரு விதியை விடாதீர்கள்: தரையிலிருந்து 40 செ.மீ.க்கும் 75 செ.மீ.க்கும் நடுவே பூட்டு நுழையும் இடம் காலியாக இருக்க வேண்டும். படம் அதற்குக் கீழே இருக்கலாம், அல்லது நடுவில் நின்று இரண்டு கால்களையும் தொடாமல் பக்கத்துக்கு 15 செ.மீ. விடலாம். முழுத் தகட்டால் அடைத்த வளைவு பார்க்க அழகுதான். ஆனால் சங்கிலியை எங்கே நுழைப்பது? வருகிறவர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு, சைக்கிளைப் பக்கத்து மின்கம்பத்தில் கட்டுவார். வரைபடம் வந்ததும் அதை முழு அளவில் தரையில் சாக்பீஸால் வரைந்து, உண்மையான சைக்கிள் ஒன்றை அதன்மேல் படுக்கப் போட்டுப் பாருங்கள். எங்கே இடிக்கும், பூட்டு எங்கே வரும் என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சலூன் வெச்சிருக்கேன். சீப்பு வடிவத்துல வெக்கலாமா?

பலரும் கேட்பது. பல் மேலே பார்த்த சீப்பைத் தரையில் நட்டால் கிடைப்பது இரண்டாவது கேள்வியில் வேண்டாம் என்று சொன்ன அதே சக்கரம் செருகும் கம்பி. கத்தரிக்கோல் வையுங்கள். கைப்பிடி வளையம் இரண்டும் மேலே, கத்திகள் இரண்டும் விரிந்து தரைக்குள். வளையத்தில் பூட்டலாம், கால் இரண்டும் தாங்கும். வளையத்தின் உள்விட்டம் 24 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காரணம் அடுத்த பதிலில். தையல் கடைக்கும் இதுவே ஆகும்.

சிக்குக் கோலம் மாதிரி செய்ய முடியுமா?

முடியும், அருமையாக வரும். ஒரே இழையாக ஓடும் கோலம் கம்பிவேலைக்கென்றே பிறந்த மாதிரி. 10 மி.மீ. உருளைக் கம்பியில் வளைத்து, இழைகள் குறுக்கிடும் இடத்தில் பற்றவைத்து, யூ வளைவின் கீழ்ப் பாதிக்குள் பொருத்தலாம். நடுவில் புள்ளிகளுக்கு 20 மி.மீ. இரும்புக் குண்டு.

கவனிக்க வேண்டியது இடுக்கின் அளவு. 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட ஓட்டையில் குழந்தையின் தலை நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். விளையாட்டுத் திடல் சாதனங்களுக்கு உள்ள பாதுகாப்பு அளவு இது. ஆகவே கோலத்தின் கண்கள் எல்லாம் 8 செ.மீ.க்குள் இருக்கட்டும், அல்லது 24-க்கு மேல் போகட்டும். ஐந்து புள்ளிக் கோலத்தைப் பெரிதாக்கிப் போட்டால் சரியாக இந்த ஆபத்தான அளவில்தான் வந்து நிற்கும். புள்ளிகளைக் கூட்டி நெருக்கமாகப் போடுங்கள்.

கடை பேரையே தகட்டுல வெட்டி வெக்கலாமா?

வெட்டலாம். பிளாஸ்மா வெட்டும் கடைக்கு டி.எக்ஸ்.எஃப். கோப்பாக (வெட்டும் இயந்திரம் படிக்கும் கணினி வரைபடமாக) கொடுக்க வேண்டும். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். க, த, அ, ம போன்ற எழுத்துகளில் மூடிய சுழி உண்டு. எழுத்தை ஓட்டையாக வெட்டும்போது சுழியின் நடுத்துண்டு தனியாகக் கீழே விழுந்துவிடும். அதைத் தாங்க 5 மி.மீ. அகலத்தில் ஒரு பாலம் விட்டு எழுத்தை வரைய வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் ‘கண்ணன் டீ ஸ்டால்’ வெறும் பொத்தல்களாகத் திரும்பி வரும். புள்ளிகளையும் ரொம்பச் சின்னதாக வைக்காதீர்கள். 6 மி.மீ. தகட்டில் 8 மி.மீ.க்குக் குறைந்த ஓட்டை சுத்தமாக வராது.

வெட்டிய விளிம்பு கத்திதான். கிரைண்டரால் எல்லா ஓரத்தையும் உருட்டி, கையை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெயிண்டுக்கு அனுப்ப வேண்டும்.

ஜி.ஐ.யா, எஸ்.எஸ்.ஸா, பவுடர் கோட்டிங்கா? எது நிக்கும்?

சிறந்தது: கருப்பு எம்.எஸ். (பூச்சில்லாத சாதாரண இரும்பு) குழாயை வாங்கி, வளைத்து, எல்லா வெல்டிங்கும் முடித்தபின் முழு வளைவையும் துத்தநாகக் குளியலில் முக்கி எடுப்பது. ஜி.ஐ. (ஏற்கெனவே துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை வாங்கி வளைத்தால் வளைவில் பூச்சு உரியும், பற்றவைத்த இடத்தில் எரிந்துபோகும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். எரியும் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சலையும் கொண்டுவரும். முக்க அனுப்பும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: அடித்தகடு பற்றவைத்து மூடிய குழாயில் 10 மி.மீ. காற்றுத் துளை இருக்க வேண்டும். துளை இல்லாமல் உருகிய துத்தநாகத்தில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடிக்கும்.

பவுடர் கோட்டிங், அதாவது வண்ணப் பொடியைச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு, முதல் நாள் கண்ணைப் பறிக்கும். ஆனால் சங்கிலியும் பெடலும் தினமும் உரசும் பொருள் இது. ஓரிடத்தில் சில்லு பெயர்ந்ததும் நீர் அடியில் புகுந்து பூச்சு பட்டை பட்டையாகக் கழலும். வண்ணம் வேண்டுமென்றால் துத்தநாகத்தின் மேல், அதற்கான எட்ச் பிரைமர் அடித்து, சாதாரண எனாமல் பூசுங்கள். பொங்கலுக்குப் பொங்கல் நீங்களே ஒரு கோட்டிங் அடித்துக்கொள்ளலாம்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் கைப்பிடிக்குப் போடும் 1.2 மி.மீ. குழாயைக் கொடுப்பார்கள். அது மெல்லியது, சின்ன அறுவைக்கே தாங்காது. குறைந்தது 3 மி.மீ. கனம் கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல 304 ரகம்தான் என்று அடித்துச் சொல்வார்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. துளி விட்டுப் பார்க்கும் சோதனைத் திரவம் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். கடலோரத்தில், அதாவது புதுச்சேரி, தூத்துக்குடி, சென்னையில் பெசன்ட் நகர் போன்ற இடங்களில், 304-லும் டீக்கறை மாதிரிப் பழுப்பு படியும். அங்கே அதைவிட உயர்ந்த 316 ரகம் வேண்டும். விலையைக் கேட்டதும் துத்தநாகத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

பேவர் பிளாக் மேலயே போல்ட் போட்டுடலாமா?

கூடாது. பேவர் கல் மணல் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் வளைவைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டினால் கல்லோடு கையில் வரும். கல்லை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலுக்கும் ஓரடிக்கு ஓரடி, 40 செ.மீ. ஆழக் குழி தோண்டுங்கள். காலின் அடியில் துளையிட்டு 12 மி.மீ. கம்பி ஒன்றைக் குறுக்கே, இருபுறமும் 8 செ.மீ. நீட்டும்படி செருகிப் பற்றவையுங்கள். பிடுங்கினாலும் முறுக்கினாலும் வராது. கலவை 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி), முக்கால் இன்ச் ஜல்லி. ஒரு வளைவுக்கு அரை மூட்டை சிமெண்ட் ஆகும். ரசமட்டம் வைத்து நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, ஒரு வாரம் தண்ணீர் விடுங்கள்.

கான்கிரீட்டின் மேல்மட்டம் குழாயைச் சுற்றிச் சற்று மேடாக, வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். குழியாக விட்டால் மழைநீர் குழாயடியில் தேங்கும். பழைய வளைவுகள் அறுந்து விழுவது அனேகமாக அந்த ஓர் அங்குலத்தில்தான்.

தரை ஏற்கெனவே 15 செ.மீ. கான்கிரீட் என்றால் 15×15 செ.மீ., 8 மி.மீ. அடித்தகடும் காலுக்கு நான்கு 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டும் போதும். தரையின் ஓரத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி அடிக்காவிட்டால் கான்கிரீட் விண்டுவிடும். நட்டை முடுக்கியபின் ஒரு பொட்டு வெல்டிங் வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் வைத்திருக்கும் எவரும் கழற்றிக்கொண்டு போகலாம்.

கடைக்கு முன்னாடி இருக்கிற நடைபாதையில வெச்சா யாராவது கேப்பாங்களா?

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். உங்கள் பட்டா எல்லைக்குள் இருக்கும் முன்னிடத்தில் வைப்பது உங்கள் விருப்பம். நடைபாதை உள்ளாட்சிக்கு உரியது. நெடுஞ்சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. எழுத்து அனுமதி இல்லாமல் ஊன்றினால் ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் உங்கள் கோலமும் லாரியில் ஏறும். மனுவோடு அளவு போட்ட வரைபடம் ஒன்று இணையுங்கள். சைக்கிள்கள் நின்றபிறகும் நடப்பதற்கு 1.8 மீட்டர் தடையின்றி இருக்கும் என்று அதில் காட்டுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் (சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) 2012-இல் வெளியிட்ட நடைபாதை வழிகாட்டி சொன்ன குறைந்தபட்ச அகலம் அது. அந்த 1.8 மீட்டர் மிஞ்சாது என்றால் அங்கே வைக்காதீர்கள்.

இன்னொன்று: வடிகால் மூடி சிலாப்பின் மேல் எதையும் ஊன்ற வேண்டாம். மழைக்காலத்துக்கு முன் தூர்வார அதைத் தூக்குவார்கள்.

வாடகைக் கடை. ஓனர் தரையைத் தோண்ட விடமாட்டார். என்ன செய்ய?

தோண்டாத வளைவு. 75×10 மி.மீ. பட்டைக் கம்பிகள் இரண்டை இணையாகப் போட்டு, அவற்றின் மேல் அடித்தகடு வைத்த வளைவுகளை வரிசையாகப் பற்றவைக்க வேண்டும். ஐந்து வளைவுகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் 4.4 மீட்டர் நீளம், 90 முதல் 100 கிலோ எடை. பத்து சைக்கிள் நிற்கும். கடை மாறும்போது நாலு பேர் சேர்ந்து தூக்கி லாரியில் ஏற்றிவிடலாம். பட்டைகளின் முனையைச் சரிவாக அறுத்து மஞ்சள் பூசுங்கள், இல்லாவிட்டால் கால் தடுக்கும்.

வெச்சதும் எல்லாரும் பைக்கை கொண்டு வந்து நிறுத்திடறாங்களே!

இதற்குக் கம்பியால் மட்டும் தீர்வு கிடையாது. 80 செ.மீ. இடுக்கில் ஸ்கூட்டர் தாராளமாக நுழையும். வளைவு வரிசை முழுவதையும் 15 செ.மீ. உயரத் திண்ணை மேல் வைத்து, ஏற ஓரடி அகலச் சரிவு மட்டும் விட்டால் சைக்கிளை உருட்டி ஏற்றலாம். கனமான வண்டியைக் குறுகிய சரிவில் திருப்பி ஏற்ற யாரும் மெனக்கெடமாட்டார்கள். வரிசையின் திறந்த முனையில் ஒரு வளைவைக் குறுக்காகத் திருப்பி ஊன்றுவதும் உதவும்.

மிச்சம் பழக்கம். காலி இடம் பைக்கை அழைக்கும். கடைப் பையன்களின் சைக்கிளையே முதல் சில வாரம் அங்கே நிறுத்துங்கள். ‘பைக் நிறுத்தாதீர்கள்’ என்ற பலகையை நாங்கள் நம்புவதில்லை.

ஸ்கூல் பக்கத்துல ஸ்டேஷனரி கடை. பசங்க சைக்கிள் எல்லாமே ஒரே மாதிரி. அடையாளம் தெரியாம சண்டை வருது.

அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்கள் ஒரே ஆண்டில் வந்தவை ஒரே நிறத்தில், ஒரே கூடையோடு இருக்கும். வேறொருவர் சைக்கிளில் சாவியைப் போட்டுத் திருகி பூட்டைக் கெடுப்பது அன்றாடம் நடப்பது. இங்கே கலை உண்மையிலேயே வேலை செய்யும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு உருவம் கொடுங்கள்: பென்சில், காம்பஸ், அணில், நிலா. ‘அணில் கிட்ட நிறுத்தினேன்’ என்று பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். எண் எழுதினால் மறந்துவிடுவார்கள்.

கண் தெரியாதவங்க வந்தா இடிச்சுக்க மாட்டாங்களா?

இடிப்பார்கள், வளைவு அப்படியே விடப்பட்டால். கைத்தடி தரையை ஒட்டி வருகிறது. யூவின் இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்துவிட்டால் மேல்குழாய் தொடையில் படும்போதுதான் தெரியும். வரிசையின் முதல், கடைசி வளைவுகளில் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி போடுங்கள், தடி அதில் தட்டும். அந்த இரண்டுக்கு மட்டும் வெளிர் மஞ்சளோ வெள்ளையோ பூசினால் மங்கலாகத் தெரிகிறவர்களுக்கும் உதவும்.

பூட்டை விட்டுட்டு வளைவையே அறுத்துட்டா?

பகலில், ஆள் நடமாட்டத்தில், 3 மி.மீ. கனக் குழாயை அறுக்கத் துணிகிறவர் குறைவு. கல்லாவில் இருப்பவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பெரும்பாலும் உடைவது குழாய் இல்லை, இணைப்பு. டொரன்டோ நகரில் ஆயிரக்கணக்கில் நட்டிருந்த கம்பம்-வளையம் வகையில், ஒரு மரச்சட்டத்தை நெம்புகோலாகச் செருகி வளையத்தை உடைத்துவிடலாம் என்பது 2006-இல் வெளியே தெரியவந்தது. பார்க்க அழகான, பெயர் பெற்ற வடிவம்தான். வளையம் வார்ப்பு அலுமினியம் என்பதுதான் பலவீனம். கலை வடிவம் செய்யும்போது பூட்டு மாட்டும் பகுதி முழுக்க ஒரே குழாயாக ஓட வேண்டும். போல்ட்டிலோ, வார்ப்பிலோ, இரண்டு பொட்டு வெல்டிங்கிலோ நிற்கும் உறுப்பில் யாரும் பூட்ட முடியாதபடி படத்தை அமையுங்கள்.

யாரோ பூட்டிட்டுப் போன சைக்கிள் மாசக்கணக்கா நிக்குது. எடுத்துடலாமா?

நீங்களே அறுக்க வேண்டாம். தேதி போட்ட அட்டை ஒன்றைக் கட்டி, போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்தும் அட்டை அப்படியே இருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். திருட்டுச் சைக்கிளாகவும் இருக்கலாம்.

முதல்ல எத்தனை வளைவு போடறது?

ஒரு வாரம், காலை கூட்ட நேரத்தில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, கடை முன்னாலும் இருபுறம் ஐம்பதடி தூரத்துக்கும் நிற்கும் சைக்கிள்களை எண்ணுங்கள். மின்கம்பத்தில் கட்டியதும் சேர்த்தி. அதிகபட்ச எண்ணிக்கையைப் பாதியாக்கினால் வளைவின் எண்ணிக்கை. ஒன்றுமே நிற்கவில்லை என்றால் இரண்டோடு தொடங்குங்கள். ஒரு குழாயில் இரண்டு வரும் என்று மேலே பார்த்தோம், பட்டறைக் கூலியிலும் அதுவே கட்டுபடியாகும். முதல் இரண்டையும் சாதாரண யூவாகவே போட்டுவிட்டு, எங்கே யார் எப்படிப் பூட்டுகிறார்கள் என்று ஒரு மாதம் பார்த்தபின் மூன்றாவதற்குப் படம் வரையுங்கள்.